பல் தெரியாத படங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. லீவு நாளெல்லாம் கேமராவோடு சுற்றுகிறேன். புளி தட்டும் பெண்கள், மாங்காய் லோடு ஏற்றுகிறவர்கள், சந்தை, பஸ் ஸ்டாண்டு. சமீபத்தில் அமெரிக்கப் புகைப்படக்காரர் மில்டன் ரோகோவின் எடுத்த படங்களைப் பார்த்ததிலிருந்து சரியான தூக்கமில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் தன் ஊர் ஏழைகளை இப்படி ஆவணப்படுத்தியிருக்கிறாரே! நம் மாவட்டத்தை நானும் அப்படி எடுக்க வேண்டும். வேலையை விட்டுவிடலாமா? கறுப்பு வெள்ளைதான் சரியா? ஃபுல் பிரேம் கேமரா அவசியமா? பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் எடுத்த ஒரு படத்தை இணைத்திருக்கிறேன். தலைப்பு: 'வறண்ட மண்ணின் சோகம்'. உங்கள் கருத்து வேண்டும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

கடிதங்களை மாதக்கணக்கில் ஊறப்போடுவது என் வழக்கம். உங்களுக்கு உடனே எழுதக் காரணம் நீங்கள் அனுப்பிய படம். அது வந்த வாரம் நான் அத்தையின் பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன்.

முதலில் வேலை. விடாதீர்கள். ரோகோவின் கடையை உதறிவிட்டுக் கேமராவைத் தூக்கியவர் அல்ல. 1957இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரைக் கம்யூனிஸ்ட் என்று விசாரணைக்கு அழைத்தது. பஃபலோ நகரத்துப் பத்திரிகை அவரை அந்த ஊரின் தலைமைச் சிவப்பு என்று எழுதியது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நின்றுபோனார்கள். படம் எடுக்க நேரம் கிடைத்தது அதற்குப் பிறகுதான். மனைவி ஆன் பள்ளி ஆசிரியை, வீடு ஓடியது அவர் சம்பளத்தில். உங்கள் வீட்டு அடுப்பு யார் சம்பளத்தில் எரிகிறது என்று கடிதத்தில் இல்லை.

கறுப்பு வெள்ளையா கலரா என்பது உங்கள் இஷ்டம்.

இப்போது படம். சிமெண்டுத் திண்டில் ஒரு பாட்டி. மடியில் ஒயர் கூடை, அதில் பொரிப் பொட்டலம் ஒன்று எட்டிப் பார்க்கிறது. கண் நேராக உங்களைப் பார்க்கிறது. உதடு இறுக மூடியிருக்கிறது. வலது கை முந்தானை ஓரத்தைப் பிடித்து வாய்ப்பக்கம் பாதி தூரம் வந்திருக்கிறது. நல்ல படம், சந்தேகமில்லை. அதன் கீழே 'சோகம்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னது? அந்தம்மா சொன்னார்களா? பேரன் பேத்திக்குப் பொரி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன சோகம்?

நீங்கள் இந்த மண்ணில் பிறந்தவர். சென்னைக்காரர் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். அந்தக் கை எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? பல்லை மறைக்கப் போகிறது, தம்பி.

நம்முடையது பாறை பூமி. கிணறு வற்றி போர் ஆழமாகப் போகப் போக, பாறையிலிருந்து கரைந்த ஃபுளோரைடு என்ற உப்பும் தண்ணீரோடு மேலே வந்தது. குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் எத்தனையோ ஊர்களில் தாண்டியது. பல் ஈறுக்குள் உருவாகிற வயதிலேயே ஏறிவிடுகிற கறை அது. வேப்பங்குச்சிக்கும் போகாது, பேஸ்டுக்கும் போகாது. எங்கள் ஊரிலிருந்து வெளியூர் ஹாஸ்டலுக்குப் படிக்கப் போன பிள்ளைகளிடம், 'பல்லே விளக்க மாட்டியா?' என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினார்கள். பழகியது பழகியதுதான், கிழவியானாலும் கேமராவைக் கண்டதும் கை தானாக வாய்க்குப் போகும்.

அத்தை ஆல்பத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கூழ் எல்லாம் இருக்கிறது. ஒருவர் பல்லும் தெரியாது. என் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமான புதிதில் அந்த ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, 'உங்க வீட்டுல எல்லாருமே கோவக்காரங்களா?' என்று பயந்துபோய்க் கேட்டாள். அத்தைக்கு அன்று சிரிப்பு அடங்கவில்லை, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டுதான். பெண் பார்க்கப் படம் அனுப்புவதற்காக அவரை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனபோது, அங்கிருந்தவர் பவுடர் டப்பாவையும் சீப்பையும் கொடுத்துவிட்டு, சிரிக்கச் சொல்லவே இல்லையாம். 'வாயை மட்டும் மூடிக்கோம்மா' என்றாராம். 'மூஞ்சி நல்லாத்தான் இருக்குது, வாயத் தொறந்தாத்தான் வம்பு' என்பார் அத்தை. நான் பார்த்தவரையில் எங்கள் தெருவிலேயே அதிகம் சிரித்த பெண்மணி அவர். ஆல்பத்தை மட்டும் பார்க்கிறவன் அவரைப் பற்றி என்ன எழுதுவான்? 'வறண்ட மண்ணின் சோகம்' என்றுதான் எழுதுவான்.

பெரிய ஆட்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1936இல் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டொரோதியா லாங்கே எடுத்த தாயின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லாங்கே அந்தப் பெண்ணின் பேரைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று குறிப்பு எழுதினார். படம் பத்திரிகையில் வந்ததும் அரசாங்கம் முகாமுக்கு உணவு அனுப்பியது, அது பெரிய காரியம். உணவு வந்து சேர்ந்தபோது அந்தக் குடும்பம் கிளம்பிப் போயிருந்தது. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற பேர் வெளியே தெரிந்தது 1978இல். விற்பதற்கு எங்களிடம் டயர் ஏது, இருந்த டயரில்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனோம் என்று பின்னால் மகன் சொன்னார். அந்த அம்மாவுக்கும் அந்தப் படத்தின் மேல் மனத்தாங்கல் இருந்தது.

உங்களைத் தூங்கவிடாத ரோகோவின் வேறு மாதிரி. எங்கே உட்காருவது, எப்படி நிற்பது, யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது எல்லாம் எதிரில் இருப்பவர் பாடு. எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். தன் கடைக்குப் பக்கத்துத் தெருக்களில் 1972இல் எடுக்கத் தொடங்கியவர், எண்பதுகளில் அதே ஆட்களைத் தேடிப் போனார், தொண்ணூறுகளில் மறுபடி போனார், 2000த்தில் தொண்ணூறு வயதில் மறுபடியும் போனார். உலைக்களத்தில் கரியோடு நின்றவரை வீட்டில் போய் மனைவி மக்களோடும் எடுத்தார். நீங்கள் பஸ் ஸ்டாண்டில் எத்தனை நிமிஷம் நின்றீர்கள்? ஜூம் லென்ஸில் எட்ட இருந்து எடுத்தது படத்திலேயே தெரிகிறது.

இந்த மாவட்டத்தில் எடுக்க வேண்டிய படம் ஒன்று கிடக்கிறது, உங்களுக்குச் சொல்கிறேன். காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள், 2013இல் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் செல்போனுக்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். எல்லோரும் அல்ல, போர் தண்ணியையே குடிக்கிற வீடுகளும் இருக்கின்றன. ஒரே வீட்டில் பாட்டி, அம்மா, பேத்தி. மூன்று பேரையும் ஒரே வாசலில் உட்காரவைத்து, அவர்களாக வாயைத் திறந்து சிரிக்கிற வரைக்கும் பொறுத்திருக்க முடியுமா உங்களால்? ஒரு நாளில் நடக்காது. நாலு தடவை டீ குடித்த பிறகு நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இந்தப் படத்தை மட்டும் கலரில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் வெற்றிலைப் பல்லும் ஃபுளோரைடு பல்லும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதற்கு முன்னால் அந்தப் பாட்டியைத் தேடிப் போங்கள். பொரி வாங்கிய கடைக்காரருக்கு அவர் எந்த ஊர் பஸ் ஏறுகிறவர் என்று தெரிந்திருக்கும். கையகல பிரிண்ட் போதும், லேமினேஷன் போட்டுக் கொடுங்கள், அடுப்புப் புகைக்குத் தாங்கும். பின்னால் பேர், ஊர், தேதி எழுதுங்கள். பிடிக்கவில்லை, அழித்துவிடு கண்ணு என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். கேமராவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இருப்பதே போதும். அவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், அதற்கு முன்னால் எழுதினால் பதில் வராது.