பிராசசரை மாற்றினால் பழைய வாட்டர் கூலர் பொருந்துமா? – கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் கோர் ஐ5-10600கே பிராசசரும் 240 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட வாட்டர் கூலரும் உள்ளன. ஐ5-14600கே வாங்கி, புதிய மதர்போர்டில் இதே கூலரை மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். ஆனால் 14600கே அமரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கென்று உங்கள் கூலர் நிறுவனம் தரும் பிராக்கெட்டை, அதாவது கூலரை மதர்போர்டில் பிடித்து நிறுத்தும் சட்டத்தை, பெற்ற பிறகே மாட்ட வேண்டும். உங்களிடம் இப்போதுள்ள எல்ஜிஏ 1200 சாக்கெட்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.; 2021-இல் வந்த எல்ஜிஏ 1700-இல் அது 78 மி.மீ. இந்த வேறுபாடு மாட்டும்போதே தெரிந்துவிடும். தெரியாமல் போவது உயரம்தான். புதிய சாக்கெட்டில் பிராசசரின் உலோக மூடி ஏறத்தாழ 1 மி.மீ. தாழ்வாக அமைந்திருக்கிறது. ஆகவே நீள்துளை உள்ள பழைய பிராக்கெட்டை எப்படியோ நகர்த்தித் திருகுகளை இறுக்கிவிட்டாலும், கூலரின் செப்புத் தட்டு போதிய அழுத்தத்துடன் மூடியின் மீது பதியாமல் போகலாம். அப்போதும் கணினி இயங்கும். கனமான வேலை கொடுத்த சில நொடிகளில் வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டு, பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பம்ப் பழுதாகிவிட்டது என்று எண்ணி, நல்ல கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. முதலில் கூலரைக் கழற்றி, இடையே பூசிய வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் மூடி முழுவதும் மெல்லியதாகப் பரவியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் தடித்த படலமாகவே நின்றிருந்தால் அழுத்தம் போதவில்லை என்று பொருள்.

14600கே அதிகபட்சமாக 181 வாட் எடுக்கும். நல்ல நிலையில் உள்ள 240 மி.மீ. ரேடியேட்டர் அதைத் தாங்கும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்களில் மின்னழுத்தம் காரணமாக எழுந்த நிலையின்மைக்கு 2024-இல் மைக்ரோகோட் (பிராசசரின் உள்கட்டளைத் தொகுப்பு) திருத்தங்கள் வெளியாயின. எந்தக் கூலராலும் அந்தக் குறையைத் தீர்க்க முடியாது என்பதால், அவை அடங்கிய பயாஸை (மதர்போர்டின் தொடக்க மென்பொருளை) நிறுவிய பின்பே கணினியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: அதே பிராக்கெட் கோர் அல்ட்ரா 200 வரிசைக்கும் உதவுமா?

பதில்: பொதுவாக உதவும். அந்த வரிசையின் எல்ஜிஏ 1851 சாக்கெட்டிலும் துளை இடைவெளி 78 மி.மீ.தான்.

கேள்வி: ரைசன் 5 3600-இலிருந்து ரைசன் 7 7700எக்ஸுக்கு மாறுகிறேன். பழையதன் ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் புதியதன் ஏஎம்5 சாக்கெட்டில் பொருந்தும் என்கிறார்களே?

பதில்: பெரும்பாலானவை பொருந்தும், துளைகளின் அமைப்பு மாறவில்லை. விதிவிலக்கு, மதர்போர்டின் பின்புறம் திருகுகளைத் தாங்கும் பின்பலகையில் இருக்கிறது. ஏஎம்4-இல் மதர்போர்டின் பின்பலகையைக் கழற்றிவிட்டுக் கூலரோடு வந்த பலகையை வைக்க முடிந்தது. ஏஎம்5-இல் அந்தப் பலகைதான் சாக்கெட்டின் சட்டத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதால் அதைக் கழற்றக் கூடாது. உங்கள் கூலர் தன் சொந்தப் பின்பலகையோடு வந்திருந்தால் நிறுவனத்திடம் ஏஎம்5 திருகுத் தொகுப்பைக் கேளுங்கள். மாட்டிய பிறகு, முழுச் சுமையில் 95 டிகிரி வரை ஏறினால் அஞ்ச வேண்டாம். அந்த எல்லை வரை ஓடுமாறே 7700எக்ஸ் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. குறைவாக வேண்டுமென்றால் பயாஸில் குறைந்த மின்சாரத்தில் ஓட்டும் 65 வாட் ஈகோ முறையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மதர்போர்டை மாற்றாமல் ரைசன் 7 5800எக்ஸ்3டி மட்டும் போடப் போகிறேன். கூலர் விஷயத்தில் கவனிக்க ஏதும் உண்டா?

பதில்: பொருத்தத்தில் சிக்கல் இல்லை; கழற்றுவதில்தான் ஆபத்து. ஏஎம்4 பிராசசரை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கூலரை நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கப்பட்டு, அதன் ஊசிகள் வளைந்துவிடும். புதிய பிராசசரை ஆதரிக்கும் பயாஸை முன்கூட்டியே ஏற்றிவிட்டு, கணினியைச் சில நிமிடங்கள் கனமான வேலையில் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிய பின்னரே தூக்குங்கள்.

கேள்வி: ஒற்றை விசிறி கொண்ட 120 மி.மீ. கூலரை ஐ9-14900கே-க்குப் பயன்படுத்தலாமா? எங்கள் அறையில் கோடையில் 35 டிகிரி இருக்கும்.

பதில்: பிராக்கெட் கிடைத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பிராசசரின் உச்ச அளவு 253 வாட். ரேடியேட்டரால் தண்ணீரை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 35 டிகிரியிலிருந்தே உங்கள் கணக்கு தொடங்குகிறது. 360 மி.மீ. வாங்குங்கள். வாங்குமுன் கேபினெட்டின் மேற்புற இடத்தை அளந்துகொள்ளுங்கள்: 27 மி.மீ. தடிமனுள்ள ரேடியேட்டரும் 25 மி.மீ. விசிறியும் சேர்ந்தால் 52 மி.மீ. ஆகும், உயரமான ரேம் அங்கே இடிக்கக்கூடும்.

கேள்வி: நானே குழாய் இணைத்த அமைப்பில் புதிய பிராசசருக்காகச் செப்பு பிளாக் (பிராசசர் மீது அமர்ந்து வெப்பத்தை நீருக்குக் கடத்தும் பகுதி) வாங்கினேன். பழைய அலுமினிய ரேடியேட்டரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். செம்பும் அலுமினியமும் ஒரே நீரோட்டத்தில் இருந்தால் மின்வேதி அரிப்பால் அலுமினியம் கரையத் தொடங்கும். அதிலிருந்து உதிரும் துகள் பிளாக்கின் நுண்ணிய வரிப்பள்ளங்களை அடைக்கும். ஆலையில் மூடி வரும் கூலர்களில் இரண்டும் சேர்ந்திருப்பது உண்மைதான், ஆனால் அங்கே அரிப்புத்தடுப்பு கலந்த திரவம் திறக்கப்படாமலே இருக்கிறது. செப்பு அல்லது பித்தளை ரேடியேட்டருக்கு மாறி, பழைய திரவத்தை முழுவதும் வடித்துக் குழாய்களைக் கழுவிய பிறகு புதிய திரவத்தை நிரப்புங்கள்.