கம்பெனி வக்கீலுக்கு என்ன தெரிய வேண்டும்?

வணக்கம் சார்,

மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நான்கு வருடமாக ஜூனியராக இருக்கிறேன். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியின் சட்டப்பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. அக்ரிமென்ட் பார்க்கத் தெரியும். அதற்கு மேல் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? கோர்ட்டை விட்டுப் போகிறாயே என்று வீட்டில் வருத்தப்படுகிறார்கள்.

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

வீட்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால், பார் கவுன்சில் விதி 49-இன்படி வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்திவைப்பதுதான், விட்டுவிடுவது இல்லை. பிறகு விண்ணப்பித்துத் திரும்பலாம். ஒரு ஷரத்தை எதிர்த்தரப்பு எப்படி உடைக்கும் என்று கோர்ட்டில் நின்று பார்த்திருக்கிறீர்கள். நேராகக் கம்பெனியில் சேர்ந்தவர்களுக்கு அது எளிதில் வராது.

சரி, கற்க வேண்டியது. உங்கள் கம்பெனி விற்கும் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். சேர்ந்த முதல் வாரமே ஒரு இன்ஜினியர் பக்கத்தில் உட்காருங்கள். வாடிக்கையாளர் தன் செல்போன் எண்ணைக் கொடுத்ததும் அது எந்த சர்வருக்குப் போகிறது, யார் யார் பார்க்கலாம், பேக்கப் எங்கே இருக்கிறது, எப்போது அழிகிறது என்று கேளுங்கள். புரியும்வரை கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஒப்பந்தம் முடிந்த 30 நாளில் எல்லா டேட்டாவையும் அழித்துவிடுவோம் என்று அக்ரிமென்டில் எழுதியிருக்கும். பேக்கப்போ 90 நாள் இருக்கும். அந்த ஷரத்தில் சட்டப்படி ஒரு குறையும் கிடையாது. ஆனால் கையெழுத்துப் போடும்போதே அது காப்பாற்ற முடியாத வாக்கு. எவ்வளவு கவனமாகப் படித்தாலும் காகிதத்தில் இது தெரியாது. இன்ஜினியரிடம் கேட்டால்தான் தெரியும்.

அடுத்து, மென்பொருளின் கோடு (code) யாருடையது என்று பாருங்கள். ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி கம்பெனிக்குச் சொந்தம். வெளியிலிருந்து ஃப்ரீலான்ஸராக எழுதிக் கொடுத்தவருக்கு இது பொருந்தாது. அவரிடம் எழுத்தில் உரிமை மாற்றம் வாங்க வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. அமெரிக்காவில் விற்கும் கம்பெனிக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று யோசியுங்கள். முதலீட்டாளரின் வக்கீல் வந்து கண்டுபிடிப்பதற்குள் பழைய அக்ரிமென்ட்களை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், டேட்டா கசியும் நாள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்கு அறிக்கை போக வேண்டும். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது, அறிக்கையில் யார் கையெழுத்திடுவது என்பதை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் எல்லோரும் பதற்றத்தில் மெயில் அனுப்புவார்கள். வெளி வக்கீலிடம் பேசுவதற்கு உள்ள ரகசியப் பாதுகாப்பு உங்களிடம் பேசுவதற்கு முழுதாகக் கிடையாது. அந்தப் பாதுகாப்பைத் தரும் புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023) 132-ஆம் பிரிவு கம்பெனி வக்கீலுக்குப் பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் தவறு நம்முடையதுதான் என்று ஊகத்தில் யாரும் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மணி நேரத்திலேயே வெளி வக்கீலையும் அழைத்துவிடுங்கள்.