தட்டில் தெரியாத மீன்: டோக்கியோவிலும் குவாங்சோவிலும் சைவமாகச் சாப்பிடுவது எப்படி?

கேள்வி: அக்டோபரில் கணவருடன் டோக்கியோவில் 5 நாள், அங்கிருந்து கான்டன் கண்காட்சிக்காக குவாங்சோவில் 4 நாள் தங்குகிறோம். நான் இறைச்சி, மீன், முட்டை சாப்பிடுவதில்லை. பால், தயிர் சேரும். கணவர் அசைவம்தான், ஆனால் இறால் பட்டாலே முகம் வீங்கிவிடும். வேளாவேளைக்கு இந்திய உணவகத்தைத் தேடி ஓட விருப்பமில்லை. அந்த ஊர்க் கடைகளில் எதை, எப்படிக் கேட்டுச் சாப்பிடுவது? (வாசகி, திருப்பூர்)

பதில்: 'நான் வெஜிடேரியன்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். இரண்டு ஊரிலும் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் 'இறைச்சித் துண்டு வேண்டாம்' என்றுதான் பொருள் கொள்வார்கள். வேண்டாத பொருளைப் பெயர் சொல்லி விலக்குவதுதான் வழி. அந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும்.

ஜப்பானில் உங்களுக்குச் சிக்கல் தாஷி, அதாவது சமையலுக்கு அடிப்படையான சாறு. 1 லிட்டர் தண்ணீரில் சுமார் 10 கிராம் கொன்பு என்ற காய்ந்த கடற்பாசியை ஊறவைத்துச் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிடுவார்கள். பிறகு 20, 30 கிராம் கட்சுவோபுஷி சீவலைப் போட்டு ஓரிரு நிமிடம் விட்டு வடிகட்டுவார்கள். சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, விறகுக்கட்டை போலக் காயவைத்துச் சீவியதுதான் கட்சுவோபுஷி. இலங்கைச் சமையலில் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக்கருவாடும் அதே இனத்து மீன்தான். வடிகட்டிய பின் கிண்ணத்தில் இருப்பது வெளிர் பொன்னிறத் தண்ணீர். மீன் கண்ணுக்கே தெரியாது. அதனால் பரிமாறுபவர் 'மீன் இல்லை' என்று சொல்வது பொய்யல்ல. அவர் மனதில் தாஷி மீனாகவே பதிவதில்லை.

இந்தத் தண்ணீர் போகாத இடம் குறைவு. மிசோ (புளித்த சோயா விழுது) சூப், உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகளின் குழம்புகள், மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, பொரித்த தோஃபுவின் மேல் ஊற்றும் சாறு, வேகவைத்த கீரை, இனாரி சூஷியின் தோஃபுப் பை எல்லாவற்றிலும் பெரும்பாலும் அதுதான். குளிர்ந்த தோஃபுவின் மேல் கட்சுவோபுஷியையே தூவித் தருவார்கள். அது சூட்டில் நெளிந்தால் கண்டுபிடிக்கலாம். குளிர்ந்த தட்டில் மரச்சீவல் போலச் சும்மா கிடக்கும். இன்னொன்று, ஜப்பானியக் 'கறி' சோறு, அதாவது மசாலாக் குழம்பு ஊற்றிய சோறு. மேலே காய்கறி மட்டுமே தெரிந்தாலும், குழம்புக்கான மசாலாக் கட்டியில் மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ சேர்ந்திருப்பது சகஜம்.

சொல்ல வேண்டிய வாக்கியம்: 'நிக்கு தோ சகானா தோ தமாகோ வா தபெராரெமசென். கட்சுவோ தாஷி மோ தமே தெசு.' இறைச்சி, மீன், முட்டை சாப்பிட இயலாது, சூரைத் தாஷியும் கூடாது என்று பொருள். வாயால் சொல்வதைவிட அட்டையில் காட்டுவது மேல். தங்கும் விடுதியின் வரவேற்பில் சொன்னால் ஜப்பானிய எழுத்தில் எழுதித் தருவார்கள். ஒவ்வொரு பொருளும் தனித்தனி வரியில் இருக்கட்டும். சமையல்காரர் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து 'இது உண்டு, இது இல்லை' என்று சொல்ல வசதி. ஒரே வரியாக எழுதினால் முதல் சொல்லுக்கு மட்டும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சூஷிக் கடையில் உங்களுக்கு நல்ல துணை வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சூஷியான கப்பா மகி. அவகாடோ மகி, உமெபோஷி என்ற உப்பு ஊறுகாய்ப் பழமும் ஷிசோ என்ற மண இலையும் வைத்த மகி இருந்தால் அவற்றையும் கேளுங்கள். சோற்றில் சேர்வது வினிகர், சர்க்கரை, உப்பு. சில கடைகளில் கொன்பு. சுரைக்காய்ச் சீவல் வைத்த கன்ப்யோ மகி பார்க்கச் சைவம், ஆனால் அந்தச் சீவலைத் தாஷியில் வேகவைத்திருக்கலாம். சூஷியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது முழு மரியாதைக்கு உட்பட்டதே, குச்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம். சோபாக் கடையில் குளிர்ந்த நூடுல்ஸான ஜாரு சோபா சொல்லி, தொட்டுக்கொள்ளும் சாற்றுக்குப் பதிலாக 'ஷியோ', அதாவது உப்பு கேளுங்கள். நல்ல சோபாவின் மணம் உப்பிலேயே நன்றாகத் தெரியும். காய்கறித் தெம்புராவை விடுங்கள்: மாவில் வழக்கமாக முட்டை உண்டு.

வாசலில் சீட்டு இயந்திரம் வைத்த மலிவுக் கடைகளில் மாற்றம் கேட்க இடமே இல்லை. ராமென் என்ற குழம்பு நூடுல்ஸ் வேண்டுமென்றால் டோக்கியோ ரயில் நிலையத்துக்குள், கெய்யோ தடத்துக்குப் போகும் வழியில் உள்ள டீஸ் தன்தன் கடைக்குப் போங்கள். எள் விழுதுக் குழம்பு, விலங்குப் பொருள் ஏதும் இல்லை. கடை டிக்கெட் தடுப்புக்கு உள்ளே இருப்பதால், ரயில் ஏறும் நாளோடு சேர்த்துத் திட்டமிடுங்கள். நேரமிருந்தால் ஷோஜின் ர்யோரி எனப்படும் பௌத்த மடத்துச் சமையலை ஒரு வேளையாவது முன்பதிவு செய்யுங்கள். அதன் தாஷி கொன்பும் உலர்ந்த ஷீட்டாகே காளானும் ஊறிய நீர். மடத்துக்கு வெளியே நடக்கும் கடை என்றால், தாஷியை அங்கேயும் கேட்டுவிடுங்கள்.

மாலையில் இசகாயா எனப்படும் மதுக்கடை உணவகத்தில் உட்கார்ந்தால் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். அதன் பெயர் ஒதோஷி; இலவசமல்ல, தலைக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். உங்களுக்கு உதவாததாக அது இருக்கலாம் என்பதால், உட்காரும்போதே 'ஒதோஷி நாஷி தே' என்று கேட்டுப் பாருங்கள். எல்லாக் கடையும் ஒப்புக்கொள்ளாது.

குவாங்சோவில் பிரச்சினை பொடியும் கொழுப்பும். சட்டிக்குப் பக்கத்தில் உப்பு, சர்க்கரை, ஜீஜிங் எனப்படும் கோழிச்சாற்றுப் பொடி எல்லாம் வரிசையாக இருக்கும். சமையல்காரரின் கரண்டி முனை ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு, இரண்டே விநாடியில் சட்டிக்குப் போய்விடும். அது கைப்பழக்கம், யோசித்துச் செய்வதல்ல. அதனால் பொருளைச் சொன்னால்தான் கை நிற்கும். 'வோ ச்சு ஸு' என்றால் நான் சைவம். அதோடு 'பூ யாவ் ஜீஜிங், பூ யாவ் ஹாவ்யோ, பூ யாவ் ஜூயோ' என்பதையும் சேருங்கள்: கோழிப்பொடி, சிப்பிச் சாறு, பன்றிக்கொழுப்பு வேண்டாம். வெறுமனே 'ரோவ்' (இறைச்சி) வேண்டாம் என்றால் பன்றி மட்டும் விலகும், ஹாமும் காய்ந்த இறாலும் வந்து சேரும். சீன மொழியில் தொனி தவறினால் பொருளே மாறும் என்பதால் இங்கும் அட்டைதான் பேச வேண்டும்.

கீரை கேட்கும்போது சமைக்கும் முறையையும் சொல்லுங்கள். 'சுவான்ரோங்' என்றால் பூண்டு போட்டு வதக்கியது, அதுவே உங்களுக்கானது. 'ஷாங்தாங்' என்றால் இறைச்சிச் சாற்றில் வேகவைத்தது. 'ஹாவ்யோ' என்றால் சிப்பிச் சாறு ஊற்றியது. வள்ளைக்கீரையை ஃபூரூ எனப்படும் புளித்த தோஃபுவோடு வதக்கித் தருவார்கள், விட்டுவிடாதீர்கள். வட சீன உணவகம் கண்ணில் பட்டால் 'தீ சான் ஷியென்' கேளுங்கள்: உருளை, கத்தரி, குடைமிளகாய். 'மீன் மணக் கத்தரிக்காய்' என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுவோர் உண்டு. அதில் மீன் கிடையாது, பன்றிக் கொத்துக்கறிதான் இருக்கும். மாப்போ தோஃபுவிலும், வரட்டிய பீன்ஸிலும் அதே கொத்துக்கறி. சோறு கடைசியில்தான் வரும், முதலிலேயே 'மீஃபான்' என்று சொல்லிவைக்க வேண்டும்.

முழு நிம்மதி வேண்டுமானால் பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களைத் தேடுங்கள். பல இடங்களில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. வாத்து, மீன் வடிவில் வருபவை சோயாவும் கோதுமைப் பசையும்தான்; முட்டை சேர்ந்ததா என்று மட்டும் கேளுங்கள். சந்திர மாதத்தின் 1, 15ஆம் நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமி ஒட்டி, விரதம் இருப்போர் கூட்டம் அதிகம், சீக்கிரம் போய்விடுங்கள்.

மேசையில் உட்கார்ந்ததும் தேநீருக்குத் தலைக்கு ஒரு தொகை போடுவது குவாங்சோ வழக்கம், ஏமாற்று அல்ல. மேசையில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து ஆர்டர் செய்யும் கடைகளே அதிகம் என்பதால், அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துவிடுங்கள். விடுதி வைஃபையில் கூகுள் திறக்காது, மொழிபெயர்ப்புச் செயலியின் சீனத் தொகுப்பையும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். டிப்ஸ் இரண்டு ஊரிலும் வேண்டாம்.

இனி உங்கள் கணவர். ஜப்பானில் பொட்டலத்தில் அடைத்த உணவில் இறால், நண்டு உட்படச் சில பொருட்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும், உணவகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பொதுவாக மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை என்பதால், மீனைத் தவிர்க்க உங்களுக்கு அது உதவாது, அவருக்கு உதவும். 'எபி அரெருகீ' (இறால் ஒவ்வாமை) என்று தனி அட்டை வைத்துக்கொள்ளட்டும். தெம்புராக் கடை அவருக்கு வேண்டவே வேண்டாம்: கத்தரித் தெம்புராவும் இறால் பொரித்த அதே எண்ணெயில்தான் வேகும். திம்சம் என்பது குவாங்சோவின் சிற்றுண்டி வகைகள்; அதில் ஹா காவ் என்ற கொழுக்கட்டை முழுக்க இறால். ஷியூ மாய் என்ற இன்னொரு கொழுக்கட்டையிலும் இறால் உண்டு. முள்ளங்கிக் கேக்கில் காய்ந்த இறால் கலந்திருக்கும். மூங்கில் கூடைகள் ஒன்றின் மேல் ஒன்றாக வேகும்போது மேல்கூடையின் நீர் கீழ்க்கூடையில் சொட்டும் என்பதால், வீக்கம் வரும் அளவு ஒவ்வாமை உள்ளவர் திம்சத்தைத் தவிர்ப்பதே எங்கள் உறுதியான பரிந்துரை. வாட்டிய கோழியும் வெள்ளைச் சோறும் அதைவிட நல்லது. மேலே ஊற்றும் சாறு என்ன என்று மட்டும் கேட்கட்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒவ்வாமை மருந்து விடுதி அறையில் அல்ல, சட்டைப்பையில் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு ஜப்பானில் 119, சீனாவில் 120.