உப்புக் காற்றில் கிதார் கம்பி: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கிதார் பழுது பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் கல்யாண மேடையில் வாசிக்கிறேன். மின் கிதாருக்கு எந்தக் கம்பி நல்லது, எதற்குக் காசு கொடுக்கலாம் என்று நம் ஆட்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, எர்னி பால், டடாரியோ, எலிக்ஸர் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசியாகப் போட்டதுதான் நன்றாகக் கேட்கிறது. உண்மையில் எது நல்லது?

தம்பி, பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு மாதம் வேர்வை குடித்த பழைய கம்பியைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டால் எந்தக் கம்பெனிக் கம்பியும் மணி மாதிரித்தான் ஒலிக்கும். நீங்கள் ஒப்பிட்டது பழசையும் புதுசையும். மூன்று கம்பெனிகளையும் இன்னும் ஒப்பிடவே இல்லை.

ஒழுங்காகப் பார்க்க வேண்டுமானால் கம்பியின் கனம் ஒன்றாக இருக்கட்டும். பிக்கப்பின் (கம்பிக்கு அடியில் அதன் அதிர்வை உணரும் காந்தம்) உயரத்தையும் ஆம்ப்பின் (ஒலிபெருக்கி) திருகுகளையும் தொடாதீர்கள். கம்பியைத் தட்டும் பிக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். கம்பி போட்டு நன்றாக இழுத்துவிட்ட முதல் நாள் ஒரே துண்டைப் போனில் பதிவு செய்யுங்கள். ஐந்தாம் நாள் ஒரு தடவை, பதினைந்தாம் நாள் ஒரு தடவை பதியுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் இப்படிச் செய்துவிட்டு முதல் நாளை முதல் நாளோடும் பதினைந்தை பதினைந்தோடும் வைத்துக் கேளுங்கள்.

நான் அப்படிக் கேட்டேன். எர்னி பாலின் ரெகுலர் ஸ்லிங்கி, டடாரியோவின் ஈஎக்ஸ்எல் 110 இரண்டும் 10-46 செட், அதாவது மெல்லிய முதல் கம்பி 0.010 அங்குலம், தடித்த ஆறாவது 0.046. இரண்டிலும் தடித்த கம்பிகளின் மேல் நிக்கல் முலாம் பூசிய எஃகுச் சுற்று. டிரம்ஸும் பேஸும் சேர்ந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டில் கடையில் எது மலிவோ அதை வாங்குங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: அப்படியானால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தூய நிக்கல், ஸ்டெயின்லெஸ், கோபால்ட் எல்லாம் வெறும் விளம்பரமா?

இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி இல்லாத வித்தியாசம் உலோகத்துக்கு உலோகம் உண்டு. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணச் செட்டில் மேல் சுருதியின் மூன்று கம்பிகளுக்கும் சுற்றே கிடையாது. பெரும்பாலும் அவை வெள்ளீய முலாம் பூசிய எஃகு. பாக்கெட்டில் ‘தூய நிக்கல்’ என்று இருந்தாலும் அந்த மூன்றும் எஃகுதான். ஆக, உலோகத்தின் பேச்சு முழுக்கக் கீழ்ச் சுருதியின் மூன்று சுற்றுக் கம்பிகளுக்குத்தான்.

அந்த மூன்றின் நடுவிலும் எஃகுதான், மேலே சுற்றியிருப்பது மட்டும் மாறும். 1950களில் தூய நிக்கல் சுற்றுதான் வழக்கம். பிறகு நிக்கல் விலை ஏறியதும் நிக்கல் முலாம் பூசிய எஃகு வந்து அதுவே பொதுவாகிவிட்டது. பிக்கப் என்பது காந்தம், அது உணர்வது கம்பியின் காந்தத் தன்மையை. எஃகு அளவுக்கு நிக்கல் காந்தத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால் தூய நிக்கலில் உச்சம் மழுங்கி, நாதம் உருண்டையாக வரும். பழைய பாட்டுகளுக்குப் பின்னணி வாசிப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், குரலுக்குக் குறுக்கே வராது. ஸ்டெயின்லெஸ் அதற்கு நேர் எதிர்: பளீரென்று வெட்டும், துருவும் குறைவு. ஆனால் விரல் தேய்க்கும் சத்தம் கூடும், ஃப்ரெட்டும் (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோக மெட்டு) சீக்கிரம் தேயும். ஃப்ரெட் மாற்றும் செலவை நினைத்தால் எனக்கு அது பிடிக்காது. நிக்கல் பட்டால் விரல் அரிக்கும் சிலருக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ்தான் வழி. எர்னி பால் 2012இல் கொண்டுவந்த கோபால்ட் கம்பியில் சத்தம் கொஞ்சம் முன்னே வரும். பலவீனமான பிக்கப் உள்ள கிதாருக்கு அது கைகொடுக்கும்.

உம்லாங்காவிலிருந்து: வீடு கடலைப் பார்த்து இருக்கிறது. இரண்டு வாரத்தில் கம்பி கருத்து விரலில் கறை ஒட்டுகிறது. பூச்சுக் கம்பிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். உங்கள் வீட்டு நிலைமைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பேன். டிசம்பர் முதல் மார்ச் வரை நம் காற்றில் ஈரமும் உப்பும் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை, ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று இது. அதோடு விரல் வேர்வையின் உப்பும் சேர்கிறது. முதலில் போவது அந்தச் சுற்றில்லாத மூன்று கம்பிகள், அவற்றைத் தொட்டாலே சொரசொரக்கும். சுற்றுக் கம்பிகளில் அழுக்கு இடுக்குகளில் இறங்கி நாதத்தை அமுக்கிவிடும். சுருதியும் ஒழுங்காக நிற்காது. திறந்த கம்பியில் சரியாக இருப்பது பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பிசகும்.

எலிக்ஸர் கம்பியைச் செய்வது கோர் என்ற கம்பெனி, மழைச் சட்டைக்கான கோர்டெக்ஸ் துணியைச் செய்கிறவர்கள். அவர்கள் சுற்றி முடித்த கம்பியின் மேல் உறை போடுகிறார்கள், அதனால் இடுக்கில் அழுக்கு இறங்காது. சுற்றில்லாத கம்பிகளுக்குத் துருவைத் தடுக்கும் முலாமும் உண்டு. பாலிவெப் உறை கனமானது, வழுவழுப்பாக இருக்கும், நாதம் கொஞ்சம் அடங்கும். நானோவெப் மெல்லியது. ஆப்டிவெப் தொட்டால் பூச்சில்லாத கம்பி மாதிரியே இருக்கும். மின் கிதாருக்கு என் கை போவது ஆப்டிவெப் பக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணச் செட் 150 ரேண்ட், பூச்சுச் செட் 375 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் என் கையில் முதலாவது மூன்று வாரம் தாங்கும், இரண்டாவது பத்து வாரம் வரும். வாரத்துக்கு 50 ரேண்ட் ஒரு பக்கம், 37.50 ஒரு பக்கம். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமை மேடைக்கும் புதுக் கம்பியின் பளபளப்பு வேண்டும் என்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர் சாதாரணச் செட்டை வாங்கி வாராவாரம் மாற்றட்டும்.

எதை வாங்கினாலும் வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். துரு பிடிப்பதும் ஃப்ரெட் கடிப்பதும் அடிப்பக்கம்தான். பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு) சாப்பிட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கிதாரை எடுக்காதீர்கள்.

லெனேசியாவிலிருந்து: டர்பனில் இருக்கும் மாமா பையன் பூச்சுக் கம்பிதான் வாங்கச் சொல்கிறான். எங்களுக்கும் அது வேண்டுமா?

தேவையில்லை. ஜோஹன்னஸ்பர்க் மேட்டு நிலம், குளிர்காலக் காற்று காய்ந்து கிடக்கும், சாதாரணக் கம்பியே நன்றாக நாள்படும். அந்தக் காசை உங்கள் கிதாரின் மரம் காயாமல் இருக்க உறைப் பெட்டிக்குள் வைக்கும் ஈரப்பதப் பைக்குச் செலவிடுங்கள். ஜூலையில் கழுத்து சுருங்கி ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும் கிதார்கள் அங்கிருந்து எனக்கு வருகின்றன.

வெருலத்திலிருந்து: வீணை படித்தவள் நான். மின் கிதாரில் கமகம் வாசிக்கப் பழகுகிறேன். வீணையில் தந்தி இழுபடுவது போல இதில் இழுபடவில்லை, விரல் நோகிறது. எந்தக் கம்பி போடலாம்?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், தங்கச்சி. வீணையில் தந்தி நீளம், மெட்டுக்கும் தந்திக்கும் இடையில் ஆழம் உண்டு, ஒரே மெட்டில் நின்று பல ஸ்வரம் இழுக்கலாம். கிதாரில் அந்த வசதி இல்லை. ஆனால் இழுக்கும் பாரத்தைக் குறைக்க வழி இருக்கிறது.

ஃபெண்டர் மாதிரி 25.5 அங்குல நீளமுள்ள கிதாரில் 0.010 அங்குல முதல் கம்பியை ஈ சுருதியில் வைத்தால் சுமார் 7.3 கிலோ இழுவை. 0.009 என்றால் சுமார் 6 கிலோ. ஆயிரத்தில் ஒரு அங்குலம் குறைந்ததற்கே ஐந்தில் ஒரு பங்கு பாரம் இறங்குகிறது. கிப்சன் மாதிரி 24.75 அங்குலம் என்றால் அதே கம்பி இன்னும் ஆறு சதவீதம் தளரும்.

ஸட்ஜத்தை உங்கள் வசதிக்கு வைப்பவர் நீங்கள், ஈ-யில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாக் கம்பியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் இழுவை இருபது சதவீதம் குறையும். அதாவது இறக்கிய பத்து, இறக்காத ஒன்பது மாதிரி நிற்கும். கம்பி கனமாக இருப்பதால் நாதம் மெலியாது. என் யோசனை: 10-46 தூய நிக்கல் போட்டு ஒரு ஸ்வரம் இறக்குங்கள். ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போவது) இழுக்கும்போது விரல் கீச்சிடுவது தூய நிக்கலில் குறைவு. தட்டையாகச் சுற்றிய ஃபிளாட்வௌண்டில் கீச்சு அறவே இருக்காது. ஆனால் பெரும்பாலான அந்தச் செட்டுகளில் மூன்றாவது கம்பியும் சுற்றுக் கம்பி, அது இழுபடாது. கமகத்துக்கு அந்த மூன்றாவது இழுபட வேண்டும், அதனால் உங்களுக்கு ஃபிளாட்வௌண்ட் வேண்டாம்.

இசிபிங்கோவிலிருந்து: தடித்த கம்பிதான் கனமான நாதம் தரும் என்கிறார்கள்.

அமெரிக்க ப்ளூஸ் கிதார்க்காரர் ஸ்டீவி ரே வான் 0.013 முதல் கம்பி போட்டு அரை ஸ்வரம் இறக்கி வாசித்தார். அவர் நாதம் மலை மாதிரி. சரிதான். ஆனால் மிக மெல்லிய கம்பியில் வாசிக்கும் ஸிஸி டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸின் நாதமும் மெலிந்ததல்ல. பிளாக் சப்பத் குழுவின் டோனி ஐயோமி தொழிற்சாலை விபத்தில் வலக்கை விரல் நுனிகளை இழந்த பிறகு மெல்லிய கம்பிக்கு மாறினார், அவருடைய இசையைவிடக் கனமான ராக் எங்கே இருக்கிறது? கனம் கையிலும் ஆம்ப்பிலும் இருக்கிறது. ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குப் போனால் முதல் கம்பியின் இழுவை ஒன்றரை மடங்காகும். கழுத்து வளையும், கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் மிதக்கும் வகையென்றால் எழும்பும், தலைப்பக்கத்தில் கம்பி உட்காரும் நட்டின் பள்ளம் போதாது. அதையெல்லாம் சரிசெய்ய ஒரு நாள் வேலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

டோங்காட்டிலிருந்து, வயது 16: மெட்டல் வாசிக்கிறேன். ட்ராப் சி-யில், அதாவது ஆறாவது கம்பியை சி வரை இறக்கினால், அது தொளதொளவென்று ஆடுகிறது.

ஆடத்தான் செய்யும் தம்பி, ஈ-யிலிருந்து சி-க்கு இறங்கினால் இழுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 46ஐக் கழற்றிவிட்டு 11-54 அல்லது 12-56 செட் போடு. போட்டதும் ஸ்வரப் பிசகைப் பிரிட்ஜில் சரிபார்.

மெரிபேங்க்கிலிருந்து: வீட்டில் அக்கூஸ்டிக் கிதார்க் கம்பி ஒரு செட் சும்மா கிடக்கிறது. மின் கிதாரில் போடலாமா?

போட்டால் ஒன்றும் கெடாது, ஆனால் சமமாகக் கேட்காது. வெண்கலச் சுற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் எஃகு மட்டுமே பேசும். கீழ்க் கம்பிகள் முனகும், மேல் கம்பிகள் கத்தும்.

ஷால்கிராஸிலிருந்து: முதல் கம்பி வாரம் ஒரு தடவை அறுகிறது. கம்பெனி மாற்றியும் பயனில்லை.

அறுந்த கம்பியைத் தூக்கிப் போடாமல் எங்கே அறுந்தது என்று பாருங்கள். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலில் என்றால் அங்கே ஒரு கூர் பிசிறு இருக்கிறது. மிக நைஸான உப்புத்தாளை மடித்து அந்தப் பள்ளத்தை மழுங்கத் தேயுங்கள், பெரும்பாலும் அதோடு தீரும். ட்யூனிங் கீயில் என்றால் துளையின் விளிம்பு வெட்டுகிறது, அதே வைத்தியம். நடுவில் அறுந்தால் துரு. அதுவரை முதல் கம்பியை மட்டும் சில்லறையாக நாலைந்து வாங்கி வையுங்கள், முழுச் செட் வீணாகாது.

ஃபீனிக்ஸிலிருந்து: பாதி விலைக்கு டடாரியோ கிடைக்கிறது. வாங்கலாமா?

ஒரு தடவை நானும் அப்படி வாங்கி ஏமாந்தேன். பத்துப் பாக்கெட், பாதி விலை. கல்யாண மேடையில் இரண்டாம் பாட்டிலேயே நான்காவது கம்பி சுருதியில் நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தால் சுற்று தளர்ந்திருந்தது. அசல் டடாரியோவில் ஆறு கம்பிக்கும் அடிக்குண்டு (பிரிட்ஜில் மாட்டும் முனையில் உள்ள உலோகக் குண்டு) வேறு வேறு நிறம்: முதல் கம்பிக்கு வெள்ளி, பிறகு ஊதா, பச்சை, கறுப்பு, சிவப்பு, ஆறாவதுக்குப் பித்தளை. போலியிலும் நிறம் அடிக்கிறார்கள், ஆனால் பெயிண்ட் நகத்தில் உரியும், அச்சு மங்கலாக இருக்கும். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: பேஸ் கம்பியைக் கொதிக்க வைத்தால் புதுசாகும் என்கிறார்களே, உண்மையா ஐயா?

பாதி உண்மை. இடுக்கில் இருக்கும் அழுக்கும் எண்ணெயும் கழன்று வரும், பளபளப்பு திரும்பும், ஆனால் அது சில நாள்தான். ஃப்ரெட் கடித்த பள்ளம் போகாது. பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, உடனே துடைத்து, முழுக்கக் காயவிட்டுப் போடுங்கள். ஈரம் நடுக்கம்பியில் நின்றால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மெல்லிய கிதார்க் கம்பிக்கு இதைச் செய்யாதீர்கள், கழற்றி மாட்டுவதிலேயே அறுந்துவிடும்.