சீனாவை ஆண்ட சிங் வம்சத்து மஞ்சு அரசர்களிடம் மூத்த மகனுக்கே பட்டம் என்ற வழக்கம் இருந்ததா?

இல்லை. வம்சத்தைத் தொடங்கிவைத்த நூர்ஹாசிக்குப் பின் வந்த ஐந்து பேரை வரிசையாகப் பாருங்கள்: எட்டாவது மகன், ஒன்பதாவது, மூன்றாவது, நான்காவது, மறுபடியும் நான்காவது. ஒருவர்கூட மூத்தவர் இல்லை.

தொடக்கத்தில் கொடிப்படை எனப்பட்ட மஞ்சுப் படைப்பிரிவுகளின் தலைவர்களும் இளவரசர்களும் கூடிப் பேசித்தான் முடிவு செய்தார்கள். 1643-இல் அந்த எட்டாவது மகன் ஹொங் தைஜி திடீரென இறந்ததும், அவருடைய மூத்த மகன் ஹூகெ ஒரு பக்கம், அவருடைய தம்பி டோர்கோன் ஒரு பக்கம் என்று நின்றார்கள். இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று ஹொங் தைஜியின் ஒன்பதாவது மகனான ஐந்து வயதுப் பையனை உட்கார வைத்தார்கள். அவர்தான் ஷுன்ஷி. ஆட்சியை நடத்தியது என்னவோ டோர்கோன்தான்.

ஷுன்ஷி 1661-இல் பெரியம்மையில் இறந்தார், வயது 22. அடுத்து யார் என்பதையும் அந்த அம்மையே முடிவு செய்தது என்று சொல்லலாம். மூன்றாவது மகனுக்கு அம்மை ஏற்கெனவே வந்து போயிருந்தது, இனி வராது. அரண்மனையில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் ஆடம் ஷாலும் அதையே சொன்னார். அப்படி வந்த காங்ஷி 61 ஆண்டுகள் ஆண்டார்.

அந்தக் காங்ஷி சறுக்கிய இடமும் இதுதான். சீன வழக்கப்படி, பட்டத்து அரசிக்குப் பிறந்த யின்ரெங்கை ஒன்றரை வயதிலேயே பட்டத்து இளவரசனாக அறிவித்துவிட்டார். முப்பது வருடம் காத்திருந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? மகன் இரவில் கூடாரத்தின் இடுக்கு வழியே தன்னை எட்டிப் பார்க்கிறான் என்று புலம்பி, 1708-இல் பதவியைப் பறித்தார். மறு வருடமே திருப்பிக் கொடுத்தார். 1712-இல் மறுபடியும் பறித்தார். அதன் பிறகு யாரையும் அறிவிக்கவில்லை. மற்ற மகன்கள் கட்சி கட்டிக்கொண்டு மோதினார்கள்.

1722-இல் நான்காவது மகன் யோங்செங் அரியணை ஏறினார். அவர் உயிலைத் திருத்தினார் என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 'பத்து' என்ற சீன எழுத்தில் கோடு சேர்த்து, 'பதினான்காம் மகன்' என்பதை 'நான்காம் மகனுக்கு' என்று ஆக்கிவிட்டாராம். எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. அரசு ஆவணத்தில் அந்த எண்ணுக்கு முன்னால் 'அரச' என்ற எழுத்து வரும். கோடு சேர்த்தால் வாக்கியமே உளறலாகிவிடும். போதாக்குறைக்கு மஞ்சு மொழியிலும் எழுதும் வழக்கம் உண்டு, அங்கே இந்த வித்தை பலிக்காது.

ஆனால் பட்டது போதும் என்று நினைத்திருப்பார் போல. 1723-இல் வாரிசின் பெயரை எழுதி, பெட்டியில் பூட்டி, பீஜிங் அரண்மனையில் அரியணைக்கு மேலே தொங்கும் பலகைக்குப் பின்னால் வைத்துவிட்டார். சரிபார்க்க இன்னொரு பிரதியும் உண்டு. பெயர் யாருக்கும் தெரியாததால் யாரைச் சுற்றிக் கட்சி கட்டுவது என்றும் தெரியாது. 1735-இல் திறந்தபோது சியான்லோங்கின் பெயர் இருந்தது, சண்டை எதுவும் வரவில்லை. அவரும் தன் பங்குக்கு ஒரு மகனின் பெயரை எழுதி வைத்தார். அந்தப் பையன் 1738-இல் இறந்துபோகவே, சீட்டை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

பின்னால் வந்த அரசர் சியென்ஃபெங் 1861-இல் இறந்தபோது உயிரோடிருந்தது ஒரே மகன். பெட்டியைத் தேடும் வேலையே இல்லை.