தீயணைப்பு வண்டிக்கு ஏன் எல்லை?

கேள்வி: ஐயா, போன கோடையில் எங்கள் வயற்பக்கம் வைக்கோல் போர் ஒன்று பற்றிக்கொண்டது. போன் எடுத்தால் அது எந்தச் சபையின் எல்லை என்பதுதான் முதல் கேள்வி. வண்டி வந்தபோது சாம்பல்தான் மிச்சம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் எல்லை கேட்காமல் வருகிறதே, இது மட்டும் ஏன் இப்படி?
(படுவான்கரை வாசகர்)

பதில்: 1990 நாடு முழுக்க ஒரே சேவை. தீயணைப்பு அப்படியல்ல, அது உள்ளூராட்சியின் வேலை. 110 என்ற இலக்கம் பொதுவாக இருந்தாலும் வண்டி, டீசல், ஆட்களின் சம்பளம் எல்லாம் அந்தந்தச் சபையின் கணக்கில்தான். மட்டக்களப்பு, கல்முனை மாநகர சபைகளிடம் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது, பிரதேச சபைகளில் பெரும்பாலானவற்றிடம் வண்டியே கிடையாது, தண்ணீர் பவுசரோடு சமாளிக்கிறார்கள். அதனால் எல்லை தாண்டும்போது செலவு யாருடையது என்ற பேச்சும் கூடவே வருகிறது. போனை எடுத்தவரைத் திட்டி என்ன செய்ய!

பிரிட்டனும் இப்படித்தான் இருந்தது, நம்மைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம். இரண்டாம் உலகப்போர் நேரம் அங்கே 1,600க்கு மேற்பட்ட தீயணைப்புப் படைகள், ஊருக்கு ஒரு சபை, சபைக்கு ஒரு படை. ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு நகரம் எரியும்போது பக்கத்து ஊர்களிலிருந்து வண்டிகள் ஓடி வந்தன, வந்து பார்த்தால் சில இடங்களில் ஒரு ஊரின் குழாய் மற்ற ஊரின் குழாயோடு பொருந்தவில்லை! தண்ணீர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, குழாயின் வாய் மட்டும் வேறு அளவு. கட்டளை கொடுப்பது யார் என்பதிலும் இழுபறி. 1941 ஆகஸ்டில் எல்லாவற்றையும் ஒன்றாக்கித் தேசிய தீயணைப்புச் சேவை என்று அமைத்தார்கள். போர் முடிந்ததும், சொன்ன சொல்லின்படி 1948 ஏப்ரலில் உள்ளூராட்சிக்கே திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் பழையபடி சின்னச் சின்ன ஊர்ச் சபைகளுக்கு அல்ல, மாவட்டம் போன்ற கவுண்டிகளுக்கும் பெரிய நகரங்களுக்கும்.

கேள்வி: இங்கேயும் ஒரே தேசிய சேவை என்றால் எல்லாம் கொழும்பில்தானே முடிவாகும்? நம் ஒழுங்கை அவர்களுக்குத் தெரியுமா?
(அக்கரைப்பற்று வாசகி)

பதில்: நியாயமான பயம், எனக்கும் உண்டு. ஸ்கொட்லாந்தில் 2013 ஏப்ரல் 1இல் எட்டு படைகளை ஒன்றாக்கியபோது அங்கேயும் இதே பேச்சுத்தான். அவர்கள் செய்தது என்னவென்றால், மேலே ஒரு நிர்வாக சபை, ஒரு தலைமை அதிகாரி, பயிற்சி, கருவி, பணம் எல்லாம் ஒரே இடத்தில். கீழே ஒவ்வொரு உள்ளூராட்சிப் பகுதிக்கும் பொறுப்பாக ஒரு மூத்த அதிகாரி, அந்தப் பகுதிக்கென்று தனித் தீயணைப்புத் திட்டம், அதையும் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்களின் நிலையங்கள். பெரும்பாலானவற்றில் முழுநேர ஆட்கள் இல்லை. கடைக்காரர், மேசன், விவசாயி என்று நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள், பயிற்சி எடுத்தவர்கள், கூப்பிட்டால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார்கள், அதற்குக் கொடுப்பனவு உண்டு. படுவான்கரைக்குத் தேவையானது இதுதான் என்பேன். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கும்வரை படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்கு அந்த வழியால் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் போக வேண்டும். இப்போது பாலம் இருக்கிறது, அதற்காக நகரத்திலிருந்து வண்டி வரும்வரை வைக்கோல் காத்திருக்குமா? எந்த வரம்பில் வண்டி இறங்கும், எந்தக் குளத்தில் வைகாசிக்குப் பிறகும் தண்ணீர் கிடக்கும் என்பது அந்த ஊர்ப் பையன்களுக்குத்தான் தெரியும். குழாயும் பயிற்சியும் கொழும்பிலிருந்து வரட்டும், ஆள் ஊரிலிருந்தே இருக்கட்டும்.

கேள்வி: 110க்கு அடித்தால் என்ன சொல்ல வேண்டும்? பதற்றத்தில் வாயே வராது.
(கல்லடி வாசகர்)

பதில்: முதலில் இடம், பக்கத்துக் கோயில், பள்ளிவாசல், பாடசாலை ஏதாவது அடையாளத்தோடு. எரிவது வீடா, கடையா, வைக்கோலா, உள்ளே ஆள் இருக்கிறாரா, காஸ் சிலிண்டர் இருக்கிறதா. ஒழுங்கை பெரிய வண்டி போகுமளவு அகலமா என்பதையும் சொல்லுங்கள், மறந்துபோவது அதுதான். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்க வேண்டாம். அப்புறம் டோர்ச்சோடு ஒரு ஆளைச் சந்திக்கு அனுப்பிவிடுங்கள்.