கருந்துளையை எடை போடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (காட்பாடி, கல்லூரி மாணவி): சார், கருந்துளையிலிருந்து ஒளியே வராது. அப்புறம் அதன் நிறை எப்படித் தெரிகிறது?

பதில்: அதைச் சுற்றும் வாயுவை வைத்துத்தான். காட்பாடி ஜங்ஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன், வரும்போது உச்ச சுருதியிலும் தாண்டியதும் சுருதி தணிந்தும் கேட்குமே, அதே கதைதான். கேலக்ஸியின் மையத்தில் சுழலும் வாயு நம்மை நோக்கி வரும் பக்கத்தில் ரேடியோ அதிர்வெண் கூடும். விலகும் பக்கத்தில் குறையும். அதிலிருந்து வேகம் கிடைக்கும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் உள்ளே இருக்கும் நிறை வந்துவிடும். மையத்திலிருந்து 65 ஒளியாண்டு தள்ளி, வாயு நொடிக்கு 250 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது என்று வையுங்கள். விடை சுமார் 29 கோடி சூரியன்களின் நிறை. நோட்டில் போட்டுப் பாருங்கள் அம்மா, ஒரு பக்கம்கூட ஆகாது.

கேள்வி (ஆம்பூர்): வாயு பெரும்பாலும் ஹைட்ரஜன்தானே, ஏன் கார்பன் மோனாக்சைடைத் தேடுகிறார்கள்?

பதில்: ஹைட்ரஜன் மூலக்கூறு சமச்சீரானது, கடுங்குளிரில் ரேடியோ அலை தராது. அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு 115, 230 கிகாஹெர்ட்ஸில் நன்றாகத் தெரியும்.

கேள்வி (குடியாத்தம், ஆசிரியர்): நட்சத்திரங்களின் வேகமே போதாதா?

பதில்: அதையும் அளக்கிறார்கள், ஐயா. எம்87 கேலக்ஸியில் நட்சத்திரங்கள் 660 கோடி சூரியன் என்றன. சூடான அயனி வாயு 350 கோடி என்றது. 2019-ல் வெளியான கருந்துளைப் படம் 650 கோடி என்று நட்சத்திரங்களின் பக்கம் நின்றது. ஆகவே வாயு என்றாலே நம்பிவிடக் கூடாது. சூடான வாயு கொந்தளிக்கும். குளிர்ந்த மூலக்கூறு வாயுவோ பெரும்பாலும் மெல்லிய தட்டாக அடங்கிச் சுழலும். எனக்கு இந்த முறை பிடிப்பதே அதனால்தான். 2013-ல் கலிபோர்னியாவின் கார்மா தொலைநோக்கிகள் என்.ஜி.சி. 4526 என்ற கேலக்ஸியில் இப்படி 45 கோடி சூரியன் என்று முதன்முதலாக அளந்தன. ஆனாலும் தட்டின் சாய்வு தவறினால் நிறையும் தவறும். அந்த ஆரத்துக்குள் இருக்கும் நட்சத்திரங்களின் நிறையையும் கழிக்க வேண்டும். மையத்துக்கு மிக அருகே, கருந்துளையின் ஈர்ப்பே ஓங்கும் இடம்வரை தெளிவாகத் தெரிந்தால்தான் அந்தக் கழித்தல் நம்பிக்கையாக இருக்கும்.

கேள்வி (வாணியம்பாடி): நம்ம காவலூரிலிருந்து முடியாதா?

பதில்: இந்த முறையில் முடியாது, தம்பி. காவலூரின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது. இது மில்லிமீட்டர் அலை; காற்றின் ஈரம் அதை விழுங்கிவிடும். அதனால்தான் ஆல்மா என்ற ரேடியோ தொலைநோக்கியின் 66 ஆன்டெனாக்கள் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. ஆனால் ஜவ்வாது மலைக்குப் போனால், காவலூரில் நிறமாலை எடுக்கும் கருவியைப் பற்றிக் கேளுங்கள். அங்கேயும் வேகத்தைச் சொல்வது அதே ரயில் ஹாரன் கணக்குதான்.